நாற்பது மைக்ரான்

பழைய பனியன் துணியில் சுற்றி வந்தது அது.
உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு புஷ்,
வெண்கல நிறம், ஒரு விளிம்பில் மட்டும் கறுப்பு.
சண்டை விமானத்தின் இடது காலில்
பதினெட்டு வருடம் இருந்ததாம்.
வரைபடம் இல்லை.
அதைச் செய்த தொழிற்சாலை இருந்த நாடே
இப்போது அந்தப் பெயரில் இல்லை.
இதே மாதிரி இருபத்து நாலு தேவை
என்றது கூட வந்த தாள்.

இதே மாதிரின்னா
தேஞ்ச மாதிரியா, தேயாத மாதிரியா
என்று கேட்டார் திம்மராயன்.
அப்சல் சார் சிரிக்கவில்லை.
தாளைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் காலி.

இருபது டிகிரி அறையில்
இரவு முழுக்க அதைப் படுக்கவைத்தேன்.
ஓசூர்க் குளிரை விட்டு
அளக்கும் குளிருக்கு அது பழக வேண்டும்.
காலையில் மாணிக்க முனை ஊசி
உட்சுவரைத் தொட்டுத் தொட்டு ஒரு சுற்று வந்தது.
வட்டம் என்று நம்பியது வட்டமில்லை.
ஒரு பக்கம் நாற்பது மைக்ரான் அதிகமாகத் தேய்ந்திருந்தது.
ஒரு முடியில் பாதி.

எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து
இறங்கியிருக்கிறது.
பக்கக்காற்று ஓயாத ஓடுதளமோ,
தோள் தாழ்ந்த ஒரு விமானியோ.
விமானிகள் மாறியிருப்பார்களே,
மாறியவர்களும் அதே பக்கமா?

தேய்மானத்தைக் குறுக்கே வெட்டி
ஆழமாய் ஒரே ஒரு கீறல்.
ஒரு நாள் மிகக் கனமாய் விழுந்திருக்கிறது.
கொண்டுபோன குண்டுகளோடே
திரும்பி வந்திருக்க வேண்டும்.
எங்கேயாவது போட்டுவிட்டு வந்திருந்தால்
இவ்வளவு கனம் இருந்திருக்காது.
இதை நான் அறிக்கையில் எழுதவில்லை.
அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.

தேயாத இடம் தேடினோம்.
எண்ணெய்க் காடிக்குள், நகம் போகாத ஆழத்தில்
கடைந்த கருவியின் முதல் தடம்
அப்படியே இருந்தது.
பக்கத்தில் கையால் கீறிய ஒற்றை எழுத்து.
யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.
தலைகீழாப் பிடிச்சா தெலுங்கு மாதிரி இருக்கு
என்றார் திம்மராயன்.

அந்தக் காடியிலிருந்து கணக்குப் போட்டு
புதிதாய் இருந்தபோது அது எவ்வளவு என்று
ஊகித்தோம்.
ஊகித்தோம் என்று எழுதக் கூடாது.
நிர்ணயித்தோம் என்று எழுதினேன்.

இருபத்து ஏழு கடைந்ததில் மூன்று தேறவில்லை.
தேறாததைச் சும்மா தூக்கிப் போட முடியாது.
எந்தக் கடைக்கும் போகாமல்,
எந்த விமானத்தின் காலிலும் ஏறாமல்
இரண்டாய் அறுக்க வேண்டும், சாட்சியோடு.
சாட்சி நான்.
அறுத்து முடிப்பதற்குள்
இரண்டு டீயும் ஆறிவிட்டது.

மீதி இருபத்து நாலிலும்
என் முத்திரை: எண் பதினாலு.
பெயர் போடும் வழக்கமில்லை.
அந்த எழுத்துக்காரர்
எப்படித் தப்பினார் என்று தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்துச் சொன்னார்கள்,
அந்த ரகத்துக்கே ஓய்வாம்.
எங்கள் பெட்டியைப் பிரித்தார்களா என்று
அப்சல் சாருக்கும் தெரியாது.
பணம் வந்துவிட்டது.

சூளகிரி தாண்டி ஒரு கல்லூரி வாசலில்
இப்போது ஒன்று நிற்கிறது.
சிமென்ட் தூண்மேல், சக்கரங்கள் தொங்க,
புது வெள்ளிப் பூச்சில்.
காற்று உறிஞ்சிய வாயில் புறாக்கள்.
பிள்ளைகள் செல்ஃபி எடுப்பது மூக்கோடு.
நான் பார்ப்பது இடது காலை மட்டும்.
கிரீஸ் போக வேண்டிய துளையை
பெயின்டால் அடைத்திருக்கிறார்கள்.
உள்ளே இருப்பது இருபத்து நாலில் ஒன்றா,
ஒருபக்கம் தேய்ந்த வேறொன்றா?
தெரிய வேண்டுமென்றால் கழற்ற வேண்டும்.
கழற்ற யாரிடம் அனுமதி கேட்பது,
எந்தப் படிவத்தில்?

கல்லூரி எதிரே வேகத்தடை.
கம்பெனி பஸ் ஏறி
இடப்பக்கமாய்ச் சாய்ந்து
இறங்குகிறது.